காக்டெய்ல் பாருக்கு முதல் தடவை: மலையகத்து மாலைப் பொழுதுக்கு ஒரு வழிகாட்டி

மலையகத்தில் சாராயத்தை அறியாதவர் இல்லை. கள்ளுத் தவறணை தெரியும். வைன் ஸ்டோர்ஸ் கம்பிக்கு முன்னால் சம்பள நாளில் நீளும் வரிசையும் தெரியும். மதுவைப் புளிப்போடும் இனிப்போடும் கலந்து கொடுக்கிற காக்டெய்ல் பார் மட்டும் நம்மில் பலருக்குப் புதிது. அதற்குக் காசு ஒரு காரணம், கூச்சம் அதைவிடப் பெரிய காரணம். நுவரெலியாவின் பழைய ஹோட்டல்களும் கிளப்புகளும் வெள்ளைக்காரத் துரைமாருக்காக எழுந்தவை. நம் தாத்தாக்கள் அவற்றுக்குள் நுழைந்தது சமையலறை வாசல் வழியாக. இன்றும் அங்கே ட்ரே ஏந்தி வருகிறவர்களில் நம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். மேசையில் உட்கார்ந்திருப்பவர்களில்தான் குறைவு.

இப்போது நிலைமை மாறி வருகிறது. தோட்டத்துப் பாடசாலையில் படித்து ஆசிரியரானவர்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், கொழும்பில் உழைத்துவிட்டுத் தீபாவளிக்கு ஊர் திரும்புகிறவர்கள் கூட்டாளிகளோடு ஒரு மாலை நல்ல இடத்தில் உட்கார்ந்து பேச விரும்புகிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. குடிக்காதவர்களும் படிக்கலாம், அவர்களுக்கும் அந்த மேசையில் இடம் உண்டு. தினமும் குடிக்கிறவர்களுக்கு என்னிடம் சொல்ல எதுவும் இல்லை. காக்டெய்ல் பார் அவர்களுக்கு அநியாய விலையாகவே தோன்றும்.

நாள் பார்ப்பது

முதலில் நாட்காட்டியை எடுங்கள். போயா எனும் பௌர்ணமி தினத்தில் இலங்கையில் எங்கும் மது விற்கக் கூடாது. ஹோட்டல் பாருக்கும் அதே சட்டம்தான். வருடத்துக்கு 12 அல்லது 13 போயா வரும். போயா விடுமுறை நாள் என்பதால் அன்றைக்கே திட்டம் போட்டு, எல்ல வரை போய், எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டுத் திரும்பியவர்கள் நிறையப் பேர். வெசாக் காலத்திலும், கண்டி எசல பெரஹெரா நடக்கும் நாட்களிலும், சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் போவதாக இருந்தால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் மாத நுவரெலியாவை முதல் தடவைக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். வசந்த காலக் கொண்டாட்டத்தில் கொழும்பே அங்கே ஏறி வந்திருக்கும். மேசை கிடைக்காது, கிடைத்தாலும் பார்டெண்டருக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. சாதாரண வாரத்தின் செவ்வாய், புதன் மாலை ஆறு மணி அளவில் போனால் பாரில் நான்கு பேர் இருப்பார்கள். புதிதாகப் போகிறவருக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை.

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. முகம் இளமையாகத் தெரிகிறவர்கள் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

இடம் பார்ப்பது

'பார்' என்ற பலகை தொங்குகிற இடமெல்லாம் நாம் தேடுவது அல்ல. வைன் ஸ்டோர்ஸுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரை போட்ட அறையும் பார்தான். அங்கே கால் போத்தல், அரைப் போத்தல், ஒரு சோடா, ஒரு பொட்டலம் கடலை; அதோடு சரி. கலந்து கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

நமக்கு வேண்டிய இடங்கள் மலையகத்தில் மூன்று விதமாக இருக்கின்றன. கண்டியில், வாவியைச் சுற்றியும் நகரின் நடுவிலும் உள்ள ஹோட்டல் பார்கள். ரோயல் பார் அன்ட் ஹோட்டல் என்று பழைய கட்டடத்தைப் புதுப்பித்து நடத்துகிற இடம் ஓர் உதாரணம். எல்லவில், பிரதான வீதியின் இரண்டு பக்கமும் வெளிநாட்டுப் பயணிகளை நம்பி நடக்கிற இடங்கள். கஃபே சில் போன்றவை. அங்கே செருப்போடு போகலாம், சத்தமாகப் பாட்டு ஓடும், மெனுவில் படம் போட்டிருப்பார்கள். மூன்றாவது, நுவரெலியாவின் பழைய மாளிகைகள். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் வாழ்ந்த வீட்டிலிருந்து வளர்ந்த கிராண்ட் ஹோட்டல், சென் அன்ட்ரூஸ், 1876இல் தொடங்கிய ஹில் கிளப் ஆகியவை இந்த வகை.

முதல் தடவைக்கு எது என்று கேட்டால், கண்டி அல்லது கிராண்ட் ஹோட்டல் என்பேன். எல்ல எளிதானது, ஆனால் அங்கே அவசரமாகக் கலந்து கொடுப்பது அதிகம். ஹில் கிளப்பை மூன்றாவது நான்காவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அங்கத்தினர் அல்லாதவர்கள் தற்காலிக அங்கத்துவக் கட்டணம் கட்ட வேண்டும். இரவு ஏழு மணிக்குப் பிறகு ஆண்களுக்குக் கோட்டும் டையும் கட்டாயம். இல்லாதவர்களுக்கு அங்கேயே இரவல் கொடுப்பார்கள். யாரோ ஒரு துரைக்குத் தைத்தது போலத் தோள் தொங்குகிற கோட்டைப் போட்டுக்கொண்டு நம் ஆட்கள் அங்கே ஜின் குடிப்பதில் ஒரு தனி வேடிக்கை இருக்கிறது என்பதை நான் மறுக்க மாட்டேன்.

பெண்களுக்கு ஒரு விஷயம். பெண்களுக்கு மது விற்பதைத் தடுக்கும் 1979ஆம் ஆண்டு அறிவித்தல் ஒன்றை 2018 ஜனவரியில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் செய்தார். ஆனாலும் ஹோட்டல் பார்களில் பெண்கள் உட்கார்ந்து ஓடர் கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. யாரும் முறைத்துப் பார்க்கப் போவதில்லை. கவுண்டரில் உட்கார மனமில்லை என்றால் லவுஞ்சிலோ தோட்டத்துப் பக்கத்து மேசையிலோ உட்கார்ந்து அதே மெனுவைக் கேட்கலாம். எழுந்து போகும்போது கிளாஸைத் தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். இது ஆண்களுக்கும்தான்.

திரும்பும் வழி, புறப்படும் முன்பே

இதைக் கடைசியில் எழுதினால் படிக்காமல் விட்டுவிடுவீர்கள், அதனால் இங்கேயே எழுதுகிறேன். கொழும்பில் குடித்துவிட்டு வீடு போவது வேறு, மலையில் போவது வேறு. ரம்பொடைப் பக்கத்து வளைவுகளையும், எல்லவிலிருந்து வெல்லவாய இறங்குகிற வீதியையும் பகலில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். இரவில் மூடுபனி இறங்கினால் வெள்ளைக் கோடும் தெரியாது. மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். "ஒரு கிளாஸ்தானே" என்று சொல்கிற கூட்டாளியின் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொலிஸார் பலூன் ஊதச் சொன்னால் அபராதத்தோடு லைசென்ஸும் போகும்.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று புறப்படும் முன்பே கேளுங்கள். தலவாக்கலை, அட்டன், அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களுக்குள் போகிற பஸ்கள் பொழுதோடு நின்றுவிடும். கண்டி நகரத்தில் கைபேசிச் செயலியில் முச்சக்கரவண்டி அழைக்கலாம். மற்ற ஊர்களில், உங்களை இறக்கிவிடுகிற ஆட்டோக்கார அண்ணனிடமே நம்பரை வாங்கி, "ஒன்பதரைக்கு வர முடியுமா, எவ்வளவு?" என்று கேட்டு முடித்துவிடுங்கள். இரவு பத்து மணிக்குப் பனியில் நின்று பேரம் பேசினால் அவர் சொன்னதுதான் விலை. இரண்டு மூன்று பேராகப் போனால் நகரத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்குவது சில சமயம் ஆட்டோவைவிட மலிவாக முடியும்.

உடுப்பு

சுத்தமான சேர்ட், நீளக் காற்சட்டை, சப்பாத்து. பெண்களுக்குச் சேலை, சல்வார், எதுவானாலும் சரி. ஜம்பரை மறக்காதீர்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உள்ளே கணப்பு எரியும், வெளியே பல் கிட்டும். மது உடம்பைச் சூடாக்குகிறது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அது தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. முகம் சூடாவது போலத் தெரியும், ஆனால் உள் உடம்பின் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். குளிருக்காகக் குடிக்கிறேன் என்பவருக்குக் கம்பளிதான் மருந்து.

வாசலைத் தாண்டி

கதவைத் திறக்கிறவர் "குட் ஈவினிங்" என்பார். நீங்களும் சொல்லுங்கள், அல்லது "வணக்கம்" என்றே சொல்லுங்கள். அவர் முகம் மாறுவதைக் கவனியுங்கள். பெயர்ப் பட்டையில் நம் பெயராக இருந்தால் அந்த இரவு முழுக்க உங்கள் மேசை நன்றாகக் கவனிக்கப்படும். உங்களைவிட இளையவராகத் தெரிந்தால் தம்பி, தங்கச்சி. மூத்தவராக இருந்தால் அண்ணன். அவர்கள் வேலை நேரத்தில் உங்களை "சார்", "மேடம்" என்றுதான் அழைக்க வேண்டியிருக்கும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருமையில் அழைப்பதும், விரலைச் சொடுக்குவதும் மட்டும் வேண்டாம். அந்தப் பழக்கம் துரைமாரோடு போனதாக இருக்கட்டும்.

ஓடர் கொடுக்காமல் மெனுவை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகவும் உங்களுக்கு உரிமை உண்டு. விலை ஒத்துவரவில்லை என்றால் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போனாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு பேர் என்றால் கவுண்டருக்கு முன்னால் உள்ள உயரமான கதிரையில் உட்காருங்கள். கலப்பதை நேரில் பார்க்கலாம். நான்கு பேருக்கு மேல் என்றால் மேசைதான் வசதி.

மெனுவைப் படிப்பது

மெனு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், அதுவும் வேண்டுமென்றே புதிராக எழுதப்பட்டிருக்கும். பெயரைப் படித்துக் குழம்ப வேண்டாம். பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள சாமான்களைப் படியுங்கள். காக்டெய்லில் இருப்பது மூன்று அல்லது நான்கு பொருள்தான். ஒரு மதுபானம், ஒரு புளிப்பு, ஓர் இனிப்பு, சிலவற்றில் கசப்போ சோடாவோ. எலுமிச்சைச் சாறும் சீனிப் பாகும் இருந்தால் அது 'சவர்' வகை. குலுக்கித் தருவார்கள், புளிப்பாகவும் லேசாகவும் இருக்கும். சாறு எதுவும் இல்லாமல் மதுபானங்களை மட்டும் கலக்குவது இன்னொரு வகை. கரண்டியால் கிளறித் தருவார்கள், சிறிய கிளாஸில் வரும், மதுவின் காரம் அதிகம். நெக்ரோனி, ஓல்ட் ஃபேஷன்ட், மார்ட்டினி எல்லாம் அந்த வகை. முதல் தடவைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். சோடாவோ இஞ்சி பியரோ ஊற்றி உயரமான கிளாஸில் வருவது மூன்றாவது வகை, மெதுவாகக் குடிக்க ஏற்றது.

தேயிலை நாட்டில் பிறந்தவர்கள் ஏமாறுகிற பெயர் ஒன்று எல்லா மெனுவிலும் இருக்கிறது: லாங் ஐலண்ட் ஐஸ்ட் டீ. அதில் தேயிலை துளியும் கிடையாது. வொட்கா, ஜின், ரம், டெக்கீலா, ட்ரிப்பிள் செக் என்று ஐந்து மதுபானங்கள் ஒன்றாகச் சேர்ந்து, மேலே கொஞ்சம் கோலா ஊற்றித் தேநீர் நிறம் காட்டுகின்றன. குடிக்கும்போது எலுமிச்சைத் தேநீர் மாதிரி இறங்கும். எழுந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரியும்.

என் யோசனை, முதல் கிளாஸைச் சாராயத்தில் தொடங்குங்கள். வெளிநாட்டுப் பயணிகள் தேடி வந்து குடிப்பது நம் தென்னஞ் சாராயத்தைத்தான். தென்னம் பாளையைச் சீவி இறக்கிய கள்ளைக் காய்ச்சி வடித்து, நல்ல ரகமானால் ஹல்மில்ல மரப் பீப்பாய்களில் வருடக் கணக்கில் ஊற வைக்கிறார்கள். நம் வீடுகளில் அதை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் இறக்குவதைத்தான் பார்த்திருக்கிறோம். அதனால் அதற்கு ஒரு வாசனை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாமல் போய்விட்டது. பார்டெண்டரிடம் இப்படிக் கேளுங்கள்:

"தம்பி, நாங்கள் முதல் தடவையாக வருகிறோம். சாராயத்தில், இனிப்பு குறைவாக, கொஞ்சம் புளிப்பாக ஒன்று செய்து தர முடியுமா?"

இந்த ஒரு கேள்வி மெனு முழுவதையும் படிப்பதற்குச் சமம். இனிப்பா புளிப்பா கசப்பா, லேசா காரமா என்று மட்டும் சொன்னால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். நல்ல பார்டெண்டருக்கு அப்படிக் கேட்கிற ஆளைத்தான் பிடிக்கும்.

அநேகமாக அவர் சாராய சவர் ஒன்றைச் சொல்வார். செய்வதைக் கண்கொட்டாமல் பாருங்கள். 50 மில்லிலீற்றர் சாராயத்தை அளவுக் கிண்ணத்தில் விளிம்பு வரை பிடித்து ஊற்றுவார். அதில் பாதியளவு எலுமிச்சைச் சாறு, அதைவிடச் சற்றுக் குறைவாகப் பாகு. கித்துள் பாணி பாவித்தால் அதை முன்பே வெந்நீரில் கரைத்து வைத்திருப்பார். கரைக்காவிட்டால் குளிரில் இறுகி அடியில் தங்கிவிடும். பிறகு ஒரு முட்டையின் வெள்ளைக் கரு. முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்குவார், நுரை எழும்புவதற்காக. அடுத்து ஐஸைப் போட்டுக் குலுக்கும்போது சத்தம் மாறும். தொடக்கத்தில் கல்லை உலுக்குவது போல் கேட்பது மெல்ல மழுங்கி வரும். உலோகக் குவளையின் வெளியே வெண்பனி படர்ந்து, பிடித்திருக்கும் விரல்களின் தடம் அதில் பதியும். அப்போது நிறுத்தி, சல்லடை வழியாகக் கிளாஸில் வடிப்பார். தங்க நிறம், மேலே விரலளவு வெள்ளை நுரை, நுரையின் மேல் இரண்டு சொட்டுக் கசப்புச் சாறு. சைவக்காரர்கள் முட்டை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நுரை குறையும், ருசி குறையாது.

சாராயம் பிடிக்காதவர்கள் ஜின்னுக்குப் போகலாம். கொழும்பு நம்பர் 7 என்ற உள்ளூர் ஜின்னில் கறுவாப்பட்டை, கறிவேப்பிலை, கொத்தமல்லி, இஞ்சி சேர்கின்றன. பெயரைக் கேட்டால் ரசம் மாதிரி இருக்குமோ என்று தோன்றும். டொனிக்கோடு குடித்தால் அப்படி இல்லை. சாராயத்தோடு இஞ்சி பியர் மட்டும் ஊற்றி எலுமிச்சை பிழிந்தாலும் அருமையான பானம், விலையும் குறைவு.

தேயிலை சேர்த்த காக்டெய்ல்கள் இப்போது மலையகத்து மெனுக்களில் இடம்பிடிக்கின்றன. நான் இவற்றை எச்சரிக்கையோடுதான் சொல்வேன். ஜின்னில் தேயிலையை அளவோடு ஊற வைத்தால் வாசனை வரும், அதிக நேரம் கிடந்தால் வெறும் துவர்ப்புத்தான் மிஞ்சும். கொழுந்து பறித்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்தத் தேயிலை, எவ்வளவு நேரம் ஊறியது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் செய்தால் குடியுங்கள்.

பியர் போதும் என்பவர்கள் லயன் கேட்கலாம். 1881இல் நுவரெலியாவில் தொடங்கிய பியர் ஆலையின் வழிவந்தது அது. இப்போது பியகமவில் தயாராகிறது. லாகர் 4.8 சதவீதம், ஸ்ட்ரோங் 8.8 சதவீதம். இரண்டும் போத்தலில் ஒரே குடும்பமாகத் தெரியும், எண்ணைப் பார்த்து எடுங்கள்.

குடிக்காதவர்களுக்கு மொக்டெய்ல். ஆனால் பல இடங்களில் அது சிரப் ஊற்றிய சீனித் தண்ணீராக வந்து சேர்கிறது. அதற்குப் பதிலாக "பாஷன் பழம், எலுமிச்சை, இஞ்சி, சோடா, சீனி குறைவாக" என்று நேரடியாகச் சொல்லுங்கள். கிளாஸும் மற்றவர்களுடையது போலவே வரும், "ஏன் குடிக்கவில்லை" என்று யாரும் துளைக்க மாட்டார்கள்.

பைட்ஸ்

வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஏனென்றால் இலங்கை பாரில் பைட்ஸ், அதாவது கூடக் கொறிக்கிற தட்டுகள், இல்லாமல் குடிப்பதே அபூர்வம். சொல்ல வேண்டியது வேறு: முதல் கிளாஸோடு சேர்த்தே பைட்ஸுக்கும் ஓடர் கொடுத்துவிடுங்கள். சமையலறையிலிருந்து அது வர இருபது நிமிடமாவது ஆகும். கிளாஸ் காலியான பிறகு ஓடர் கொடுத்தால், காத்திருக்கிற நேரத்துக்கு இன்னொரு கிளாஸ் வந்துவிடும்.

டெவில் செய்த கோழி எல்லா இடத்திலும் இருக்கும். பெரிய வெங்காயம், கறிமிளகாய், தக்காளி சோஸ், மிளகாய்த் தூள் போட்டு அதிகத் தீயில் பிரட்டியது. நன்றாகச் செய்தால் வெங்காயம் நெறுநெறுவென்று இருக்கும், சோஸ் குழம்பாக ஓடாது. ஹாட் பட்டர் கணவாய் இலங்கைச் சீனக் கடைகள் நமக்குத் தந்த வரம். மாவில் தோய்த்துப் பொரித்த கணவாயை வெண்ணெய், செத்தல் மிளகாய், வெங்காயத் தாளோடு பிரட்டித் தருவார்கள். வந்த உடனே சாப்பிட வேண்டும். மலைக் குளிரில் ஐந்து நிமிடம் வைத்தாலே ரப்பராகிவிடும். கணவாய் கடலிலிருந்து மலை ஏறி வருகிறது என்பதால், கூட்டம் குறைந்த இடத்தில் "இன்றைக்கு வந்ததா?" என்று கேட்பதில் தப்பில்லை.

எனக்குப் பிடித்தது பொரித்த நெத்தலி. கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் சேர்த்து மொறுமொறுப்பாக வரும். பெரிய ஹோட்டல் மெனுவில் அது இல்லாவிட்டாலும் கேட்டுப் பாருங்கள். ஊழியர்களின் சாப்பாட்டுக்கு வைத்திருப்பதில் ஒரு கை வறுத்துத் தந்துவிடுவார்கள்.

சைவத்துக்கு டெவில் உருளைக்கிழங்கு, காளான், வறுத்த கஜு, மரவள்ளிக்கிழங்குப் பொரியல். இரண்டு இடத்தில் கவனம் தேவை. தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாட்டுத் தூள் போட்டிருப்பார்கள். டெவில் செய்கிற சோஸில் சிப்பி சோஸ் கலந்திருக்கலாம். "மரக்கறிதான் சார்" என்று வெயிட்டர் சொல்வது அவருக்குத் தெரிந்த அளவில் உண்மையாகவே இருக்கும்; சமையலறையில் கேட்டு வரச் சொல்லுங்கள். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தவிர்ப்பவர்களும் கலவைத் தட்டு வாங்கும் முன் இதையே செய்யுங்கள்.

ஒரு தட்டு இரண்டு மூன்று பேருக்குப் போதும். நான்கு பேருக்கு இரண்டு தட்டில் தொடங்கி, வேண்டுமானால் மூன்றாவது. உப்பும் காரமும் தாகத்தை ஏற்றும் என்பது பார் நடத்துகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர் கட்டாயம் இருக்கட்டும். தண்ணீருக்கும் காசுதான், ஆனால் அந்த மேசையிலேயே உங்களுக்கு நல்ல லாபம் அதில்தான்.

அளவு

கணக்கு எளிது. சாராயம் பெரும்பாலும் 33 முதல் 37 சதவீதத்துக்குள் இருக்கும். 50 மில்லிலீற்றர் சாராயத்தில் ஏறத்தாழ 13 முதல் 15 கிராம் தூய மது இருக்கிறது. 330 மில்லிலீற்றர் லயன் லாகரிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே ஒரு சாராய சவரைச் சின்னப் பியர் ஒன்றுக்குச் சமமாக எண்ணிக்கொள்ளுங்கள். ஈரல் இதை முடிக்க ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாக எடுக்கும். கோப்பியோ குளிர்ந்த காற்றோ அந்த வேகத்தைக் கூட்டாது. மாலை முழுவதற்கும் இரண்டு கிளாஸ் என்று முடிவு செய்துகொண்டு போனால் பில்லும் தலையும் உங்கள் வசம் இருக்கும்.

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு, ஒருவர் ஒரு ரவுண்ட் வாங்கினால் மற்றவர்களும் ஆளுக்கொரு ரவுண்ட் வாங்கியே ஆக வேண்டும். ஐந்து பேர் போனால் ஐந்து ரவுண்ட். மரியாதைக்காகக் குடிக்கிற மூன்றாவது, நான்காவது கிளாஸ்தான் சண்டையிலும் வாந்தியிலும் முடிகிறது. போகும்போதே "அவரவர் கணக்கு" என்று பேசிவிடுங்கள். உபசரிக்க ஆசை என்றால் பைட்ஸ் வாங்கிக் கொடுங்கள். மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், வாகனம் ஓட்டப் போகிறவர்கள் மொக்டெய்லோடு நிற்க வேண்டும். இதில் விவாதம் இல்லை.

கிளாஸ் சரியில்லை என்றால் சொல்லுங்கள். அதிக இனிப்பு, போதாத புளிப்பு என்றால் முதல் இரண்டு வாயிலேயே சொன்னால் சரிசெய்து தருவார்கள். பாதி குடித்துவிட்டுக் குறை சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே கேட்பார், நம்ப மாட்டார்.

பில்

நம் ஆட்கள் அதிர்ச்சி அடைகிற இடம் இது. மெனுவின் அடியில் மிகச் சிறிய எழுத்தில், அல்லது விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறியாக ஒரு விஷயம் இருக்கும்: சேவைக் கட்டணமும் வரியும் தனி. சேவைக் கட்டணம் பொதுவாக 10 சதவீதம். அதையும் சேர்த்து வருகிற தொகை மேல் வற் வரி. 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். உதாரணத்துக்கு, மெனுவில் 2,000 ரூபா போட்ட இரண்டு காக்டெய்லும் 1,800 ரூபா போட்ட ஒரு தட்டும் எடுத்தால் 5,800. சேவைக் கட்டணத்தோடு 6,380. வரியோடு 7,528 ரூபா. மெனுவில் பத்து ரூபா என்றால் கையில் பதின்மூன்று ரூபா வேண்டும் என்று நினைவில் வைத்தால் தவறாது. சில இடங்களில் எல்லாம் சேர்த்தே விலை போட்டிருப்பார்கள்; "இது வரி சேர்த்த விலையா தம்பி?" என்று ஓடருக்கு முன்பே கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை, வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்கிறார்கள்.

பில் வந்ததும் வரி வரியாகப் பாருங்கள். கேட்காத தண்ணீர்ப் போத்தல், அடுத்த மேசைக் கடலை, இரட்டிப்பான காக்டெய்ல், எதுவும் வந்திருக்கலாம். அமைதியாகக் காட்டினால் திருத்தித் தருவார்கள். 'மாதக் கடைசியில் பில் பிரிப்போம்' என்ற கதைக்கு இடம் கொடுக்காமல் அங்கேயே பிரித்துக் கட்டிவிடுங்கள்.

சேவைக் கட்டணம் ஊழியர் எல்லோருக்குமாகப் போகிற தொகை. நன்றாகக் கவனித்தவருக்குத் தனியாக ஏதாவது கொடுக்க விரும்பினால், அட்டையில் கட்டினாலும் அதைப் பணமாகக் கையில் கொடுங்கள். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மேசை ஒதுக்கத் தொலைபேசி எடுக்கும்போது அந்தப் பெயரைச் சொன்னால் போதும்.

ஆட்டோக்கார அண்ணனுக்குப் பில் கேட்கும் முன்பே அழைப்பு எடுங்கள். அவர் மேலே ஏறி வருவதற்குள் பணம் கட்டி, ஜம்பர் போட்டு, கைபேசி, அடையாள அட்டை, குடை எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். குடையைத்தான் அதிகம் பேர் கதிரைக்குக் கீழே விட்டுவிட்டுப் போகிறார்கள்.